எழுதப்படாத அடைக்கலம்



நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், மக்காவின் கொடுமை தாங்காத முஸ்லிம்கள் செங்கடலைக் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த வரலாற்றை நாம் சிறுவயதில் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். குறைஷியர் விட்டுவிடவில்லை. அம்ர் இப்னுல் ஆஸையும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவையும் அன்பளிப்புகளோடு மன்னர் நஜ்ஜாஷியிடம் அனுப்பினார்கள். அவர்கள் முதலில் மன்னரைச் சூழ்ந்திருந்த பிரமுகர்களுக்குப் பரிசுகளை வழங்கி, ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைத்தார்கள். ஓடிவந்தவர்களிடம் மன்னர் பேச்சுக் கொடுக்காமலேயே அவர்களைத் தங்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே அது.

நஜ்ஜாஷி மறுத்தார். தம் நாட்டை நம்பி வந்தவர்களின் தரப்பைக் கேட்காமல் ஒப்படைக்க முடியாது என்று கூறி அவர்களை அவைக்கு அழைத்தார். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எழுந்து பேசினார்கள். சூரா மர்யமின் தொடக்க வசனங்களை ஓதினார்கள். அதன் பிறகு நடந்தது நாம் அறிந்ததே.

இந்நிகழ்ச்சியில் ஒரு செய்தியை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. அந்த முஸ்லிம்களைக் காப்பாற்றியது மன்னரின் இரக்கம் மட்டுமன்று. விசாரிக்காமல் ஒருவரையும் ஒப்படைப்பதில்லை என்ற நியதியும்தான். ஆனால் அந்த நியதி ஒரு மனிதரின் நெஞ்சில் இருந்தது. அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இக்கேள்வி இன்று அமெரிக்காவில் உயிருடன் நிற்கிறது. அங்குக் குடியேற்றச் சட்டங்களை அரசு நடைமுறைப்படுத்தும் முறையைச் சீர்திருத்தப் பல மசோதாக்கள் முன்மொழியப்பட்டுள்ளன. நம் குடும்பங்களில் பலவற்றில் மகனோ, மருமகனோ, பேத்தியோ அந்நாட்டில் படிக்கிறார்கள், பணிபுரிகிறார்கள். எனவே அம்மசோதாக்கள் எதனால் எழுந்தன என்பதை வரலாற்றின் வழியே அறிவது நமக்குப் பயனுள்ளது.

ஒரு வெள்ளையர் சாட்சி

அமெரிக்காவில் குடியேற்றத்தைத் தடுத்த பெருஞ்சட்டங்களில் முதன்மையானது 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம். அது சீனத் தொழிலாளர்களின் வருகையைப் பத்தாண்டுகளுக்குத் தடை செய்தது. 1892இல் வந்த கியரி சட்டம் அத்தடையை மேலும் பத்தாண்டுகள் நீட்டியதோடு நில்லாமல், ஏற்கெனவே உள்ளே வாழ்ந்துவந்த சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்றிதழ் பெற்றுக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாதவரைக் கைது செய்து நாடு கடத்தலாம். தவிர்க்க முடியாத காரணத்தால் சான்றிதழ் பெற இயலாமற்போனது என்று ஒருவர் வாதிட்டால், அவர் முன்பிருந்தே அங்கு வசிப்பவர் என்பதற்குக் குறைந்தது ஒரு வெள்ளையராவது சாட்சி சொல்ல வேண்டும்.

இச்சட்டத்தை எதிர்த்துச் சீனர் மூவர் உச்ச நீதிமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவரிடம் சாட்சி இருந்தது. ஆனால் அந்தச் சாட்சியும் சீனர். 1893இல் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. நாடு கடத்துவது தண்டனை ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். தண்டனை இல்லையெனில் குற்றவாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்புகளும் இல்லை. நீதிபதிகள் மூவர் இதை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள்.

அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றும் நீள்கிறது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைத்தண்டனையை எதிர்நோக்கும் ஏழைக்கு அமெரிக்க அரசு தன் செலவில் வழக்கறிஞர் தருகிறது. நாடு கடத்தல் வழக்கில் நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை. சொந்தச் செலவில் வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர், சிறுவராயினும் முதியவராயினும், பெரும்பாலும் தனியாகவே நீதிபதியின் முன் நிற்க வேண்டியிருக்கிறது.

எனினும் நீதிமன்றங்கள் முழுவதும் கதவைச் சாத்திவிடவில்லை. நாடு கடத்தப்பட வேண்டியவராயினும் விசாரணையின்றி அவருக்குக் கடுங்காவல் தண்டனை விதிக்கலாகாது என்று 1896இல் தீர்ப்பு வந்தது. நாட்டினுள் நுழைந்துவிட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்ற கொள்கையை 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று ஏற்றது. நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த அதே வாய்ப்புதான் அது.

சீனர் விலக்குச் சட்டம் நீங்க 1943 வரை காத்திருக்க நேர்ந்தது. பத்தாண்டுக்கென்று எழுதப்பட்டது அறுபத்தோரு ஆண்டுகள் நீடித்தது.

இந்தியர்களும் தப்பவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை மண்டலமாக்கியது. இந்தியாவும் அதனுள் அடங்கியது. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் அவர். 1946இல்தான் இந்தியர்கள் குடியுரிமை பெற வழி திறந்தது; அதுவும் ஆண்டுக்கு 100 பேர் அளவிலேயே புதிதாகக் குடியேறலாம். நம் சமுதாயத்தின் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் அங்குச் செல்ல முடிந்தது, 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின அடிப்படையிலான ஒதுக்கீட்டை அகற்றிய பின்னரே.

உறங்கும் சட்டங்கள்

1798ஆம் ஆண்டு, அதிபர் ஜான் ஆடம்ஸ் காலத்தில், பிரான்சோடு போர் மூளும் என்ற அச்சத்தில் நான்கு சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் மூன்று சில ஆண்டுகளில் காலாவதியாயின அல்லது நீக்கப்பட்டன. எஞ்சிய ஒன்றுதான் அந்நியப் பகைவர் சட்டம். அதற்கு முடிவுத் தேதி இல்லை. போர்க்காலத்தில் பகை நாட்டுக் குடிமக்களைத் தனித்தனியே குற்றம் மெய்ப்பிக்காமலேயே பிடித்து வைக்கவும் வெளியேற்றவும் அது அதிபருக்கு அதிகாரம் தருகிறது. 1812ஆம் ஆண்டுப் போரிலும் இரு உலகப் போர்களிலும் அது எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய, ஜெர்மானிய, இத்தாலியக் குடிமக்கள் பல்லாயிரவர் அதன்கீழ்க் காவலில் வைக்கப்பட்டனர். பிறகு அது மீண்டும் உறங்கிற்று. யாரும் அதை அகற்றவில்லை.

2025 மார்ச்சில் அது மறுபடியும் எழுப்பப்பட்டது. குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் எனக் கூறி, வெனிசுவேலா நாட்டவர் 100க்கும் மேற்பட்டோர் இச்சட்டத்தின் பெயரால் எல் சால்வடோர் நாட்டுச் சிறைக்கு விமானத்தில் அனுப்பப்பட்டனர். தாம் அக்கும்பலைச் சேர்ந்தவர் அல்லர் என்று நீதிபதியிடம் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை. அடுத்த மாதமே, இச்சட்டத்தின்கீழ் வெளியேற்றப்படுவோருக்கு முன்னறிவிப்பும் நீதிமன்றத்தை அணுகும் அவகாசமும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விமானங்கள் அதற்கு முன்பே சென்றுவிட்டன.

நம் சமுதாயம் தன் அனுபவத்தில் அறிந்த உறங்கும் விதி ஒன்றும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், குடியேற்ற விதிமீறலைக் காரணமாகக் காட்டி 762 பேர் காவலில் வைக்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளரே பின்னர் அறிக்கை தந்தார். மறு ஆண்டு ‘சிறப்புப் பதிவு’ என்னும் முறை வந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட, நிரந்தர வசிப்புரிமை பெறாத ஆண்கள் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் சென்று கைரேகையும் படமும் வாக்குமூலமும் தர வேண்டும். வடகொரியாவைத் தவிர ஏனையவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவோ பெருந்தொகையாகவோ வாழும் நாடுகள். இந்தியா அப்பட்டியலில் இல்லை. பாகிஸ்தானும் வங்கதேசமும் இந்தோனேசியாவும் இருந்தன.

சட்டத்தை மதித்து வரிசையில் நின்றவர்களே முதலில் அகப்பட்டார்கள். 2002 டிசம்பரில் தென் கலிபோர்னியாவில் பதிவுக்காகத் தாமாகச் சென்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஈரானியர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பாகிஸ்தானியர் கடைகள் நிறைந்த கோனி ஐலண்ட் அவென்யூவிலிருந்து பல குடும்பங்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடுங்குளிரில் கனடா எல்லைக்குப் புறப்பட்டன. நாட்டினுள் பதிவு செய்தோர் 80,000க்கும் மேல். அவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தல் நடவடிக்கை தொடங்கப்பட்டது. அவ்வளவு பேரைப் பதிவு செய்தும், பயங்கரவாதக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் என்று ஒருவரைக்கூட அம்முறை காட்டவில்லை.

2011இல் அந்த நாடுகளின் பெயர்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. ஆனால் விதி ஏட்டிலேயே இருந்தது. நாட்டின் பெயரை மட்டும் மீண்டும் நிரப்பினால் போதும். இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். இதை உணர்ந்த முஸ்லிம் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் இடைவிடாது வலியுறுத்தின. 2016 டிசம்பரில், ஆட்சி மாறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒபாமா அரசு அவ்விதியையே ஏட்டிலிருந்து நீக்கியது. தீமை உறங்குகிறது என்று நாம் நிம்மதி கொள்ளலாகாது; அது எழுதப்பட்டிருக்கும் ஏட்டிலிருந்து அதை அழிக்க வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

பள்ளிவாசலின் வாயிலில்

இதற்கு நேர்மாறான பாடமும் ஒன்று உண்டு. அது நம் பள்ளிவாசல்களைத் தொட்டது.

பள்ளிக்கூடங்கள், வழிபாட்டுத் தலங்கள், இறுதிச் சடங்குகள் நடக்கும் இடங்கள் ஆகியவற்றில் குடியேற்ற அதிகாரிகள் கைது நடவடிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்னும் அறிவுறுத்தல் 1993இலேயே குடியேற்றத் துறையின் சுற்றறிக்கையாக வந்தது. 2003இல் அத்துறை கலைக்கப்பட்டு, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் ‘ஐஸ்’ எனப்படும் அமலாக்க அமைப்பு உருவான பிறகும், 2011இல் அதன் இயக்குநர் அக்கொள்கையைப் புதுப்பித்தார். மருத்துவமனைகளும் அதில் இடம்பெற்றன. 2021இல் அப்பட்டியல் மேலும் விரிந்தது.

முப்பதாண்டுக் காலம் மக்கள் அதை நம்பினார்கள். தாயைப் பிரசவத்திற்கு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டார்கள். ஜும்ஆவுக்கும் ஜனாஸாவுக்கும் அச்சமின்றி வந்தார்கள். ஆனால் அவர்கள் நம்பியது சட்டத்தை அன்று, ஒரு சுற்றறிக்கையை. 2025 ஜனவரி 20 அன்று புதிய அரசு பதவியேற்ற நாளிலேயே மற்றொரு சுற்றறிக்கை அதை நீக்கியது. அதிகாரிகள் தத்தம் பொது அறிவைக்கொண்டு முடிவெடுக்கலாம் என்றாயிற்று. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. ஒரு கையொப்பம் தந்ததை இன்னொரு கையொப்பம் எடுத்துக்கொண்டது.

குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். பாப்டிஸ்டு அமைப்பொன்றும் சாக்ரமெண்டோ நகரின் சீக்கிய குருத்வாரா ஒன்றும் அவர்களோடு சேர்ந்துகொண்டன. 2025 பிப்ரவரியில் மேரிலாந்து நீதிபதி ஒருவர் அரசின் புதிய கொள்கைக்கு இடைக்காலத் தடை விதித்தார். ஆனால் அத்தடை வழக்குத் தொடுத்தவர்களின் வழிபாட்டுத் தலங்களுக்கு மட்டுமே பொருந்தும். வழக்கில் சேராத பள்ளிவாசல் அதே தெருவில் இருந்தாலும் அதற்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. வேறு இருபதுக்கும் மேற்பட்ட கிறிஸ்தவ, யூத அமைப்புகள் வாஷிங்டனில் கேட்ட தடையை மற்றொரு நீதிபதி ஏப்ரலில் மறுத்துவிட்டார்.

மசோதாக்கள் கேட்பது என்ன?

இந்தப் பின்னணியில் மசோதாக்களைப் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும்.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களிலும் அவற்றைச் சுற்றி 1000 அடி தூரத்திலும் குடியேற்றக் கைதுகளைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா முயல்கிறது. உயிருக்கு ஆபத்து, நாட்டின் பாதுகாப்பு போன்ற அவசர நிலைகளுக்கு அது விலக்குத் தருகிறது. பிரதிநிதிகள் சபையில் அட்ரியானோ எஸ்பையாட்டும் செனட்டில் ரிச்சர்ட் புளூமெந்தாலும் இதை முன்னெடுத்துள்ளனர். முன்பு சுற்றறிக்கை தந்ததைச் சட்டமாக எழுதித் தருவதே இதன் நோக்கம்.

மற்றொன்று 1798ஆம் ஆண்டின் அந்நியப் பகைவர் சட்டத்தை முற்றாக நீக்கக் கோருகிறது. ஜப்பானில் பிறந்து சிறுமியாக ஹவாய்க்கு வந்த செனட்டர் மேசி ஹிரோனோவும், சோமாலியாவின் போருக்குத் தப்பிக் கென்யாவின் அகதி முகாமில் நான்காண்டுகள் வாழ்ந்த இல்ஹான் உமரும் இதைக் கொண்டுவந்தவர்கள்.

மூன்றாவது, மதத்தைக் காரணமாக்கி நுழைவுத் தடை விதிக்கும் அதிபரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்ட முயன்றது. ஏழு முஸ்லிம் நாடுகளின் மீது 2017 ஜனவரியில் விதிக்கப்பட்ட தடையே அதற்குக் காரணம். பிரதிநிதிகள் சபை இம்மசோதாவை 2020இலும் 2021இலும் நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறவில்லை. 2021இல் புதிய அதிபர் தம் ஆணையால் அத்தடையை நீக்கியதும் பலர் பிரச்சினை முடிந்தது என எண்ணினார்கள். 2025 ஜூனில் வேறோர் ஆணை 12 நாட்டவரின் நுழைவைத் தடை செய்தது; மேலும் ஏழு நாட்டவரின் நுழைவுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

அமெரிக்க மசோதா ஒன்று இரு அவைகளிலும் நிறைவேறி அதிபரின் ஒப்புதலும் பெற வேண்டும். ஈராண்டுக் காலக் காங்கிரஸ் முடியும்போது நிறைவேறாதவை அனைத்தும் மறைந்துவிடும்; அடுத்த காங்கிரசில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதே காங்கிரஸ் 2025 ஜூலையில் ஐஸ் அமைப்புக்கு ஏறத்தாழ 7500 கோடி டாலர் கூடுதல் நிதி ஒதுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமலாக்கத்துக்கான நிதி சட்டமாகிவிட்டது. அமலாக்கத்துக்கான வரம்பு இன்னும் சட்டமாகவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தன் எல்லையைக் காப்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை. குற்றவாளிகள் ஆலயத்திலோ பள்ளியிலோ ஒளிந்துகொள்ள இடம் தரலாகாது என்கிறார்கள். இதை நாம் மறுக்கவில்லை. விசா விதிகளை மதித்து நடப்பது நாம் செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதாகும். மார்க்கமும் அதையே கட்டளையிடுகிறது. ஆனால் அவசர நிலைகளில் கைது செய்வதற்கு மசோதாவிலேயே விலக்கு இருக்கிறது. கேள்வி, யாரைப் பிடிப்பது என்பதன்று. பிடிப்பவரின் கைக்கும் வரம்பு எழுதப்பட வேண்டுமா என்பதே.

எழுதி வையுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடனைப் பற்றியது. தவணையோடு கொடுக்கல் வாங்கல் செய்யும்போது எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும், சாட்சி வைக்கவும், தொகை சிறியதாயினும் பெரியதாயினும் சோர்வடையாமல் எழுதவும் அது பணிக்கிறது. ஈமான் கொண்டவர்களை நோக்கித்தான் அவ்வசனம் பேசுகிறது. ஒருவர் நல்லவராக இருப்பதால் எழுத்துத் தேவையில்லை என்று அது சொல்லவில்லை. மனிதர் மறப்பார், மாறுவார், இறப்பார், எழுத்து நிற்கும்.

ஓர் அரசு அடைக்கலம் தருவதாகச் சொல்லும் வாக்கும் ஒரு கடன்தான். அதை எழுதித் தரும்படி கேட்பது அவநம்பிக்கை ஆகாது. அதே சமயம், எழுதப்படுபவை எல்லாம் நீதியாகிவிடா என்பதையும் கியரி சட்டம் காட்டுகிறது. அதனால்தான் அந்த வசனமும் எழுதுமாறு மட்டும் சொல்லாமல், நீதியோடு எழுதுமாறு சொல்கிறது.

அமெரிக்காவில் வாழும் நம் உறவினர்களுக்கு நாம் சொல்லக்கூடியவை சில உண்டு. அங்கே குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்றவர்கள், தம் தொகுதிப் பிரதிநிதி இம்மசோதாக்களில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்க வேண்டும். அது அவர்களின் உரிமை. பெறாதவர்கள் தம் ஆவணங்களின் நகல்களைக் குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். நீதிபதி கையொப்பமிட்ட ஆணையும் துறை அலுவலர் கையொப்பமிட்ட ஆணையும் ஒன்றல்ல என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஒரு வழக்கறிஞரின் எண்ணை முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும். அண்டையிலுள்ள குருத்வாராவும் தேவாலயமும் நீதிமன்றம் செல்லும்போது பள்ளிவாசலும் உடன் செல்ல வேண்டும். அன்று அபிசீனியாவில் நம்மவருக்கு அடைக்கலம் தந்தவரும் ஒரு கிறிஸ்தவ மன்னரே.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். ஊரில் செல்வந்தராக இருந்தாலும், வழியில் கையறு நிலையில் நிற்பவருக்குச் சமுதாயத்தின் பொருளில் பங்கு உண்டு. ஆதரவு தேடி நிற்பவரை அது இரவலராகப் பார்க்கவில்லை, உரிமையுள்ளவராகப் பார்க்கிறது. மசோதாக்கள் நிறைவேறும்வரை அந்தப் பங்கைத் தருவது நம் பொறுப்பு. தடுத்து வைக்கப்பட்டவரின் குடும்பத்திற்கு உணவும், வழக்கறிஞருக்குக் கட்டணமும், பிள்ளைக்குத் துணையும் அதில் அடங்கும்.

தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிட்டாமல் தவிக்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் நீதியான ஓர் அவையைத் திறந்து தருவானாக. ஆமீன்.